நிஜ அனுபவத்துக்கு இரட்டை ரேட்

அத்தியாயம் 4

கால்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

முழங்காலோடு முடிந்தவை ஒரு கம்பியில், தொடைவரை நீண்டவை இன்னொரு கம்பியில். ஒவ்வொரு கட்டைவிரலிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. மேசை, நாற்காலி, காலண்டர், சுவிட்ச் எல்லாவற்றின் மேலும் மாவுக்கட்டுத் தூள் மெல்லிய பனி மாதிரி படிந்திருந்தது.

"காலைப் பிடிச்சுக் காரியம் சாதிக்கறதுக்கு இதைவிட வசதியான இடம் உலகத்துலயே கிடையாது மேடம்," என்றார் கமா.

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. கமாவும் அதை எதிர்பார்க்கவில்லை. நான்கு வருடமாக அவர் சொல்லும் ஜோக்குகளுக்கு இந்த அம்மாவிடமிருந்து கிடைத்த மிகப் பெரிய பாராட்டு ஒரு தும்மல்.

சர்வேயரம்மா இருபத்திரண்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து, பொய்யான நஷ்டஈட்டுக் கோரிக்கைகளைப் பிடித்தவர். எரிந்துபோன கடைக்குப் போனால் எரிந்ததைப் பார்க்க மாட்டார், எரியாமல் மிச்சமிருப்பது என்ன என்று பார்ப்பார். வேலையை விட்டபின் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தார். கமா அதற்குமுன் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவர். நாளிதழ் மூடப்பட்டதும் இங்கே வந்து சேர்ந்தார். யார் பேசினாலும் நடுவில் போய் நிற்பார், எதையும் முடித்துவைக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. இனிமேல் பெயர் மாறாது.

அவர்களை இங்கே அழைத்து வந்தது ஒரு சோப்பு.

இரண்டு நாள் முன்பு, ஒரு மூன்றாவது மாடி வீட்டில், புதுக் கட்சிக்காரரான தையல்காரம்மா தன் கைப்பேசியை நீட்டி இந்தக் கடையின் வலைத்தளத்தைக் காட்டினார். ஆஸ்பத்திரிகளுக்குச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். கூட வேலை பார்க்கும் பெண்ணின் தம்பிக்கு விபத்தில் கால் போய்விட்டது. அவனுக்காகச் செயற்கைக் கால் கடைகளைத் தேடியபோது கண்ணில் பட்டது அந்தப் பக்கம். 'எங்கள் வாடிக்கையாளரின் நிஜ அனுபவம்' என்ற தலைப்பு. அதன்கீழ், வயது ஐம்பத்தொன்று, மெக்கானிக் என்று மட்டும் சொல்லப்பட்ட ஒருவர் பேசியிருந்தார்.

'ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் என் பழக்கம் போகவில்லை. புது சோப்பு வந்தால் நூலைப் போட்டு இரண்டாக அறுத்துவிடுவேன். ஒரு பாதி நனையாமல் இருந்தால்தான் சோப்பு மாதம் முழுக்க வரும். நர்சுகள் சிரிப்பார்கள்.'

"மேடம், சோப்பை நூல் போட்டு அறுக்கற மனுஷன் இந்த உலகத்துல ஒருத்தர்தான் இருக்கார்," என்றார் தையல்காரம்மா. "அவர் என் வீட்டுக்காரர்."

லிஃப்ட் மெக்கானிக்கான அந்த வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பினார். வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. போலீஸ் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து, நகர்வதையும் நிறுத்திவிட்டது. இப்போது தையல்காரம்மாவிடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. "போகும்போது அவருக்கு ஐம்பத்தொண்ணு. இதுலயும் ஐம்பத்தொண்ணு. அப்படின்னா வீட்டை விட்டுப் போன அந்த வருஷமே கால் போயிருக்கு. ஒத்தைக் காலோட எப்படி வந்து நிக்கறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டு எங்கேயோ இருக்கார். அதான் வரலை."

கூடத்தின் மூலையில் மகள் ஒரு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏதோ டைப்பிங் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறாள் என்று அம்மா சொன்னார். அன்று அவள் பேசியது ஒரே வாக்கியம். "சோப்பை எத்தனையோ பேர் அறுப்பாங்கம்மா."

முன்பணத்தை வாங்கிக்கொண்டு வந்தாயிற்று. இப்போது கால்காரர் எதிரில் நின்றார். கை நிறைய மாவு.

"இந்த ஆளோட விலாசம் வேணும்," என்று சர்வேயரம்மா அச்செடுத்த தாளை நீட்டினார்.

கால்காரர் அதைத் தூரத்திலிருந்தே படித்தார். "இவரா... இவர் இப்போ வெளியூர்ல இருக்காரும்மா."

"எந்தக் கால் போச்சு?"

"என்னது?"

"நீங்கதானே கால் செஞ்சு குடுத்தீங்க. வலதா, இடதா?"

கால்காரர் கம்பியில் தொங்கும் கால்களைப் பார்த்தார். அவை உதவவில்லை. "இடது."

"இதுல வலதுன்னு போட்டிருக்கே."

"ஆமா ஆமா, வலதுதான். நான் வேற ஒருத்தரை நினைச்சேன்."

"இதுல எந்தக் கால்னே போடலைங்க," என்றார் சர்வேயரம்மா.

கால்காரர் பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். தூள் எழும்பி அடங்கியது.

"அப்படி ஒரு ஆளே இல்லைம்மா," என்றார். "எங்க வெப்சைட்டை எழுதிக் குடுத்த ஏஜென்சிதான் போட்டது."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஏஜென்சியின் விலைப்பட்டியல். அறிமுகப் பக்கம், சேவைகள் பக்கம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், எல்லாம் பக்கத்துக்கு நானூறு. அதன்கீழ் தடித்த எழுத்தில்: நிஜ அனுபவம், எண்ணூறு.

"பொய்க்கு எதுக்குய்யா இரட்டை ரேட்டு?" என்றார் கமா.

"நிஜமா இருக்கணும்ல சார்."

கமா கால் வாங்கிய வாடிக்கையாளரைப் போலத் தடுமாறினார். கால்காரர் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். "இருபத்தாறு வருஷமா கால் செய்றேன். என் காலைப் போட்டுக்கிட்டு மாடு பிடிக்கறவன் இருக்கான், லாரி ஓட்டறவன் இருக்கான். ஒருத்தராவது பேர் போட சம்மதிக்கணுமே! கால் போனதை எவன் ஊருக்குச் சொல்வான்? பெரிய கடைக்காரங்க எல்லாம் பத்து அனுபவம், இருபது அனுபவம்னு போடறாங்க. நான் போடலைன்னா எனக்கு ஆளே வரலைன்னு நினைச்சுக்கறாங்க. நான் என்னம்மா பண்றது?"

 சர்வேயரம்மா இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றார் கமா, வண்டிக் கதவைத் திறந்தபடி. "ஆளே இல்லை."

"ஆள் இல்லை. சோப்பு இருக்கே."

"தற்செயலா இருக்கலாமே."

"நீ எழுதினா ஆஸ்பத்திரிக் கதையில என்ன போடுவே? ஊசி, மாத்திரை, வலி. நூலால சோப்பு அறுக்கறதை யாரும் உக்காந்து யோசிக்க மாட்டாங்க கமா. பாத்தவங்கதான் எழுதுவாங்க. எப்போ பாத்தாங்க, எங்க பாத்தாங்க, அது போதும். போன மாசம் பாத்திருந்தா அந்தம்மா நினைக்கறது சரி."

அப்போது சர்வேயரம்மாவின் கைப்பேசி அடித்தது. தையல்காரம்மா. ஒலிபெருக்கியில் போடாமலே கமாவுக்குக் கேட்டது, அவ்வளவு உற்சாகமான குரல்.

"மேடம், தரைத்தளத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். கொஞ்சம் இருட்டுதான், ஒரே அறை. ஆனா படியே கிடையாது. இன்னைக்கு சாயங்காலம் பேசி முடிக்கறேன். இந்த மூணு மாடியை அவர் எப்படி ஏறுவார், சொல்லுங்க?"

"ரெண்டு நாள் பொறுங்களேன்."

"வீடு போயிடும் மேடம். அவர் வரும்போது நான் வீடு தேடிக்கிட்டா இருக்க முடியும்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சர்வேயரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை.

ஏஜென்சி ஒரு சலவைக் கடையின் மேலே இருந்தது. தரை வழியாக இஸ்திரிப் பெட்டியின் நீராவி வாசனை ஏறி வந்தது. உள்ளே பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு மேசைகள், ஒரே ஒரு ஆள். அந்த ஒருவர் எழுந்து நின்று பன்னிரண்டு பேர் சார்பிலும் வரவேற்றார்.

"எங்ககிட்ட பெரிய எழுத்தாளர் குழுவே இருக்கு மேடம்."

"எல்லாரும் எங்கே?"

"அவங்கவங்க வீட்டுலேர்ந்து வேலை பாக்கறாங்க."

"நாற்காலியையும் அவங்க வீட்டுலயே விட்டுவெச்சிருக்கலாமே," என்றார் கமா.

"வர்ற கஸ்டமர் காலி ரூமைப் பாத்தா பயந்துடுவாங்க சார்." ஏஜென்சிக்காரர் கூச்சப்படவே இல்லை. தனக்குத் தெரிந்த தொழில் ரகசியத்தைப் பெருமையாகச் சொன்ன முகம்தான் அது.

சர்வேயரம்மா சோப்புத் தாளை மேசைமேல் வைத்தார். "இதை எழுதினது யாரு?"

"அது குழுவா சேர்ந்து..."

"கால் கடைக்காரர் எண்ணூறு குடுத்திருக்கார். எழுதினவங்க கைக்கு எவ்வளவு போச்சு?"

"டிசைன் இருக்கு, நிர்வாகம் இருக்கு, தரக் கட்டுப்பாடு இருக்கு மேடம்..."

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

கமா விசிலடித்தார். "எங்க பேப்பர்ல சாவு விளம்பரத்துக்கு ஒரு வரிக்கே அதைவிட அதிகம் வாங்குவோம்."

"சார், சாதாரணப் பக்கத்துக்கு நாற்பத்தஞ்சுதான். நிஜ அனுபவம்னா நான் அவங்களுக்கும் இரட்டையா குடுக்கறேன். மத்தவங்க அதுகூடக் குடுக்கறதில்லை," என்று ஏஜென்சிக்காரர் நிஜமாகவே புண்பட்டுச் சொன்னார். "விலையைக் கொஞ்சம் ஏத்தினா கஸ்டமர் வேற ஆளுகிட்ட போயிடறான். நான் என்ன, மாளிகையா கட்டியிருக்கேன்? கீழ சலவைக் கடைக்காரருக்கு மூணு மாச வாடகை பாக்கி."

"இந்த அனுபவத்தை நம்பி ஒருத்தர் கால் வாங்கி, வழுக்கி விழுந்து கேஸ் போட்டா, போலீஸ் முதல்ல ஏறப்போறது உங்க படிதான்," என்றார் சர்வேயரம்மா. குரல் உயரவே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் அந்தக் குரலைக் கேட்டுப் பெரிய பெரிய முதலாளிகள் தங்கள் கிடங்கைத் தாங்களே கொளுத்தியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஏஜென்சிக்காரர் ஒப்புக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. "ஏழு."

"என்ன ஏழு?"

"எழுதினது ஏழாம் நம்பர். நான் எல்லாருக்கும் நம்பர்தான் வெச்சிருக்கேன். பேர் தெரியாது, முகம் தெரியாது, ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது. விளம்பரம் பாத்து வந்தாங்க. போன் ஆப்புல வேலையை அனுப்புவேன், முடிச்சு அனுப்புவாங்க. ரெண்டரை வருஷத்துல ஒரு தடவைகூட தாமதம் இல்லை, ஒரு வேலைகூட மாட்டேன்னு சொன்னதில்லை. என் குழுவுலயே தங்கம் மேடம். அவங்க நம்பரை மட்டும் கேக்காதீங்க. கொடுத்தேன்னு தெரிஞ்சா மிச்ச ஆறு பேரும் ஓடிடுவாங்க."

"நம்பர் வேண்டாம். ஏழு எழுதின நிஜ அனுபவம் எல்லாத்தையும் காட்டுங்க."

ஒன்பது இருந்தன. ஒன்பது வெவ்வேறு கடைகள். கமா பழைய தொழில் பழக்கத்தில் ஒரு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் அவருடைய புருவம் மேலே போய், இறங்காமல் அங்கேயே நின்றுவிட்டது.

"மேடம், ஒன்பதும் ஒரே ஆள். காது மிஷின் கடையில காது மந்தம். பல் ஆஸ்பத்திரியில கடைவாய்ப் பல் போச்சு. மெத்தைக் கடையில முதுகு வலி, கண்ணாடிக் கடையில கண் மங்கல். தலைமுடி எண்ணெய்க்கும் இவர்தான், ஷூ கடைக்கும் இவர்தான்!"

"கால் போனவர் ஷூ வாங்கறாரா?"

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டிருக்கு. பாவம், இவருக்கு அது பிரயோஜனமில்லை." கமா அடுத்த தாளைத் திருப்பினார். "எல்லாத்துலயும் மெக்கானிக். எல்லாத்துலயும் வயசு ஐம்பத்தொண்ணு."

"எல்லாத்துலயுமா? முதல்ல எழுதினது எப்போ?"

"ரெண்டரை வருஷம் முன்னாடி. கடைசியா கால். போன மாசம்."

"ரெண்டரை வருஷமா இந்த ஆளுக்கு வயசே ஏறலை," என்றார் சர்வேயரம்மா.

கமா நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் கைகள் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தன. எழுதிய ஆளுக்கு அவரை ஐம்பத்தொரு வயதுவரைதான் தெரியும். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. தையல்காரம்மா தன் நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டிய அதே எண் இப்போது அதன் காலை வாரியது.

"காது மிஷின்காரர் சொல்றதைப் படி."

கமா படித்தார். "'என் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. மிஷினை மாட்டினால் அது மறைந்துவிடுகிறது.'"

"எண்ணெய்?"

"'என் உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே இரண்டு சுழிகள். அந்த இடத்தில்தான் முதலில் முடி கொட்டியது.'"

"மெத்தை?"

"'மதியத்துக்குள் என் சட்டையின் முதுகில் வியர்வை ஒரு இலை மாதிரி படிந்துவிடும்.' நல்லா எழுதியிருக்காங்க மேடம். நாற்பத்தஞ்சுக்கும் தொண்ணூறுக்கும் இது அநியாயம்."

"கமா, உன் பின்னந்தலையில எத்தனை சுழி?"

"தெரியலையே."

"உன் காதுக்குப் பின்னால மச்சம் இருக்கா?"

கமாவின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சில்தான் அகப்பட்டது. "என் வீட்டுக்காரியைத்தான் கேக்கணும்."

"அதேதான். இந்த மனுஷன் ஒன்பது இடத்துலயும் நான் நான்னு பேசறார். ஆனா சொல்றது பூரா தன் முதுகுப் பக்கம். தன் முதுகு ஒருத்தருக்கு எப்படித் தெரியும்? இவருக்குப் பின்னாடி உக்காந்து, நிறைய நாள், நிறைய தூரம் போனவங்கதான் எழுதியிருக்காங்க."

"ஸ்கூட்டர்ல," என்றார் கமா. "தையல்காரம்மாவேவா?"

"அந்தம்மா அவர் வண்டியில ஏறினதே இல்லை. தலை சுத்தும்னு அன்னைக்கே சொன்னாங்க."

சர்வேயரம்மா ஏஜென்சிக்காரர் பக்கம் திரும்பினார். "ஏழுக்கு ஒரு வேலை குடுக்கணும். இப்பவே."

"என்ன வேலை மேடம்?"

"பயணப்பை விக்கற கடை. நிஜ அனுபவம். ஒரு மெக்கானிக், வயசு ஐம்பத்தொண்ணு, வீட்டை விட்டுப் போயிடறார். மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் அந்தப் பையோட வீட்டுக்குத் திரும்பி வர்றார். கதவைத் திறக்கறாங்க. அதை எழுதணும். எண்ணூறு நான் தர்றேன். எண்ணூறும் எழுதறவங்களுக்கே."

எண்ணூறும் என்ற சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு ஏஜென்சிக்காரர் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். செய்தி போனது. பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கீழே இஸ்திரிப் பெட்டிகள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஏழு தட்டச்சு செய்கிறார் என்று திரை காட்டியது, நிறுத்தியது, மறுபடி காட்டியது.

பதினோரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. ஏஜென்சிக்காரர் வாய்விட்டுப் படித்தார்.

"'மன்னிக்கவும். இதை மட்டும் என்னால் எழுத முடியாது. வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.'" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். "ஏழு மாட்டேன்னு சொல்றது இதுதான் முதல் தடவை மேடம். அதுவும் எண்ணூறுக்கு!"

"வண்டியை எடு கமா."

"எங்கே?"

"சொல்றேன், எடு."

சர்வேயரம்மா சொன்ன திருப்பங்களில் எல்லாம் கமா திரும்பினார். இரண்டு சிக்னல், ஒரு பாலம், பழைய டயர்க் கடை. மூன்றாவது திருப்பத்தில் அவருக்கு வழி பழகியதாகத் தோன்றியது. குறுகலான படிக்கட்டின் முன் வண்டி நின்றபோது அவர் என்ஜினை அணைக்க மறந்துபோனார். இரண்டு நாள் முன்பு மூச்சிரைக்க ஏறிய அதே படிகள்.

"மேடம், இது நம்ம கட்சிக்காரர் வீடு."

"அந்தம்மா வேலை முடிஞ்சு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வா."

கதவைத் திறந்தது மகள். அவர்களைப் பார்த்ததும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. வழிவிட்டு நின்றாள். லேப்டாப் திறந்தே இருந்தது. பயணப்பைக் கடையின் செய்தி இன்னும் திரையில் நின்றது.

"அந்த வேலை நீங்க குடுத்ததா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நினைச்சேன். எண்ணூறை முழுசா யாரும் தர மாட்டாங்க."

கமா சுவரோரம் போய் நின்றார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் குற்றவாளி அழுவார், அல்லது ஓடுவார். இந்தப் பெண் மூன்று குவளைகளில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா போன ஆறாவது மாசம் இந்த வேலைக்கு வந்தேன்," என்றாள். "அம்மா சம்பளம் வாடகைக்கே சரியாப் போயிடும். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம் எழுதுவேன். நாற்பத்தஞ்சு, நாற்பத்தஞ்சா வரும். நிஜ அனுபவம் எழுதினா இரட்டைன்னு சொன்னாங்க. முதல்ல கற்பனையா எழுதினேன், உயிரே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தர்தான் சார். பத்து வருஷம் ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் அவர் பின்னாடிதான் உக்காந்து போனேன். மச்சத்தை எழுதினேன். உடனே பணம் போட்டுட்டாங்க."

"ஏம்மா, ஒன்பது தடவையா?" கமாவின் குரலில் கிண்டல் வரவில்லை.

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பேன். சுழி எண்ணெய்க்குப் போச்சு. அவர் ஷூ லேசைப் பல்லால இழுத்து முடிவார், அது ஷூ கடைக்குப் போச்சு. எழுதி வித்துட்டா அப்புறம் அதை நினைச்சா அப்பா வர்றதில்லை, அந்தக் கடைதான் வருது. மிச்சம் ரெண்டு விஷயம்தான் இருக்கு. அதை யாருக்கும் குடுக்கறதில்லைன்னு வெச்சிருக்கேன். இப்போ நீங்க அவர் திரும்பி வர்றதையே கேட்டீங்க." அவள் திரையை மெல்ல மூடினாள். "அது என்கிட்ட இல்லை. இல்லாததை எப்படி எழுதறது?"

சர்வேயரம்மா தண்ணீரை ஒரு மடக்கு குடித்தார். பிறகு கேட்டார், "அம்மா அந்தப் பக்கத்தைக் காட்டின அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"அன்னைக்கு அம்மா படியேறி வந்த சத்தமே வேற மாதிரி இருந்துது. மூணு மாடியும் ஓடி வந்திருக்காங்க. செருப்பைக்கூடக் கழட்டாம என்னைக் கட்டிப் பிடிச்சு, அப்பா உயிரோட இருக்கார்டின்னாங்க. ராத்திரி முழுக்க பேசினாங்க. மூணு வருஷமா என்கிட்ட ஆமா, இல்லைன்னு மட்டும் பேசினவங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவள் நிறுத்தினாள். "உங்களுக்கு அம்மா குடுத்த முன்பணம், அதுவும் நான் எழுதிச் சேர்த்ததுதான். போய்க் குடுன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் வேணுமே."

கமா தன் சட்டைப் பையைத் தடவினார். அந்தப் பணத்தில் இரண்டு நாளாக வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருந்தார்.

"வீடு மாத்தறாங்களே, அதையாவது நிறுத்தியிருக்கலாமே," என்றார் சர்வேயரம்மா.

"நீங்க சொல்லுங்களேன் மேடம். விசாரிச்சோம், அது வேற யாரோன்னு. ப்ளீஸ். உங்க வாயால சொன்னா நம்புவாங்க."

"சோப்பை எப்படி விளக்கறது?"

  எத்தனையோ பொய்களைப் பிரித்துப் போட்ட சர்வேயரம்மா, ஒரு பொய்யைக் கட்டி நிறுத்த வழி தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை கமா முதல்முறையாகப் பார்த்தார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. வேகமான காலடி. ஒரு மணி நேரம் ஆகவில்லை, இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

தையல்காரம்மா உள்ளே வந்தார். கழுத்தில் அங்குல நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். கையில் ஒரு சாவி.

"அரை நாள் லீவு சொல்லிட்டுப் போய் முடிச்சுட்டேன்டி! குளியலறைக் கதவு இருபத்தெட்டு அங்குலம், அளந்துட்டேன். ஊன்றுகோலோட தாராளமாப் போகலாம். சுவத்துல கைப்பிடி அடிக்கவும் வீட்டு ஓனர் சம்மதிச்சுட்டார்." அப்போதுதான் மற்ற இருவரையும் பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே பயந்தது. "மேடம்... கிடைச்சுட்டாரா?"

சர்வேயரம்மா எழுந்தார். வாயைத் திறந்தார். உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று ஆயிரம் பேரிடம் கண்ணைப் பார்த்துச் சொன்னவர் அவர்.

"உக்காருங்க," என்றார். 

"அம்மா," என்றாள் மகள். "அதை எழுதினது நான்."

"எதை?"

"அந்தக் கால் கடையில வந்ததை. என் வேலை அதுதாம்மா. கடைக்காரங்களுக்குக் கதை எழுதிக் குடுக்கறது. அப்பாவை வெச்சு எழுதினேன்."

தையல்காரம்மா மகளைப் பார்த்தார். பிறகு சர்வேயரம்மாவை. சர்வேயரம்மா தலையை அசைத்தார்.

கமா ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தார். கூச்சலாவது கேட்கும் என்று நினைத்தார். தையல்காரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கழுத்திலிருந்த நாடாவை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். கடைசி அங்குலம்வரை சுற்றினார்.

"சோப்பு?" என்றார்.

"அது அப்பாதான்."

"நர்சுங்க சிரிச்சது?"

"நான் சேத்துக்கிட்டேன்."

"காலு?"

"கால் கடையாச்சேம்மா. அதுக்காகப் போட்டது."

"அப்போ ரெண்டு காலும் இருக்கு."

"ஆமாம்மா."

"லிஃப்ட் நின்னுபோனா பன்னிரண்டு மாடி ஏறி ரிப்பேர் பாத்துட்டு வருவார்," என்றார் தையல்காரம்மா, சர்வேயரம்மாவிடம், ஏதோ விசாரணைக்குத் தேவையான தகவலைக் கொடுப்பதுபோல. "இந்த மூணு மாடி அவருக்கு ஒரு மாடியே இல்லை."

சுற்றிய நாடாவைக் கட்டில்மேல் வைத்தார்.

"அப்படின்னா வர முடியாம இல்லை," என்றார். "வரலை."

மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. சர்வேயரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கமா தவித்தார். அப்படி நினைக்காதீர்கள், அவர் வேண்டுமென்றே வராமல் இருக்க மாட்டார் என்று சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் பின் ஏன் வரவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு ஆறுதலாகச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பதில்தான். அந்த மனிதர் செத்துப்போயிருக்கலாம் என்பது.